386, நான்காம் அவென்யூ

அந்த வெள்ளிக் கைச்சங்கிலியின் தகட்டில் முதலில் இருப்பது அவருடைய பெயர்: அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. அதையடுத்து அடைப்புக்குறிக்குள் மனைவியின் பெயர், கான்சுவேலோ. பிறகு ஒரு முகவரி: மே/பா. ரேனல் அண்ட் ஹிட்ச்காக் நிறுவனம், 386, நான்காம் அவென்யூ, நியூயார்க், அமெரிக்கா.

போருக்குப் போகிறவர் கையில் மாட்டிக்கொள்ளும் பெயர்த்தகடு எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். நான் இன்னார் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலையில் அவர் எங்காவது கிடந்தால் அந்தத் தகடு சொல்ல வேண்டும். யாருக்குத் தெரிவிப்பது என்பதையும் சொல்ல வேண்டும். லியோன் நகரத்தில் பிறந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், தன் ஊரையோ தாயின் வீட்டையோ பொறித்துக்கொள்ளாமல் ஓர் அமெரிக்கப் பதிப்பகத்தின் அலுவலகத்தைப் பொறித்துக்கொண்டிருக்கிறார். பிரான்சு அப்போது ஜெர்மானியர் கையில் இருந்தது. கடிதம் போய்ச்சேரும் என்று நம்பக்கூடிய இடமாக அவருக்கு மிஞ்சியது அந்த அலுவலகம்தான்.

செந்த்-எக்சுபெரியைத் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்க்க, க்ரியா வெளியிட்ட ‘குட்டி இளவரசன்’ இங்கே பல தலைமுறைகளாகக் கைமாறி வருகிறது. பாலைவனத்தில் விமானம் பழுதாகி நிற்கும் ஒருவன், எங்கிருந்தோ வந்த ஒரு சிறுவனைச் சந்திக்கும் கதை. அந்தப் பாலைவனம் எழுத்தாளர் நேரில் கண்டது. 1920-களின் பிற்பகுதியில் துலூஸிலிருந்து காசாபிளாங்கா வழியாக டாக்கார் வரை தபால் விமானம் ஓட்டினார்; சகாராவின் கரையிலிருந்த ஜூபி முனை நிலையத்தில் தங்கி அதை நடத்தினார். 1935 டிசம்பர் இறுதியில் பாரிஸ்–சைகோன் வேகச் சாதனைக்காகப் பறந்தபோது லிபியப் பாலைவனத்தில் விமானம் விழுந்து நொறுங்க, அவரும் மெக்கானிக் ஆந்த்ரே பிரேவோவும் தண்ணீரின்றி நாட்கணக்கில் நடந்து, கடைசியில் ஒரு நாடோடி அரபியரால் காப்பாற்றப்பட்டார்கள். 1938-இல் குவாத்தமாலாவில் இன்னொரு விபத்து. அதில் உடைந்த எலும்புகள் கடைசிவரை அவரை விடவில்லை.

கான்சுவேலோ சுன்சின் எல் சால்வடோரில் பிறந்தவர், குவாத்தமாலா எழுத்தாளர் ஒருவரின் விதவை. 1930-இல் புவனோஸ் ஐரிசில் இருவரும் சந்தித்தார்கள். மறு ஆண்டு திருமணம். சேர்ந்தும் பிரிந்தும் சண்டையிட்டும் ஏங்கியும் நடந்த இல்லறம் அது. இளவரசன் தன் கோளில் விட்டுவந்த ரோஜா அவர்தான் என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். வேறு பெண்களும் அவர் வாழ்க்கையில் இருந்தார்கள். ஆனால் உடலோடு ஒட்டியிருக்கும் உலோகத்தில் எந்தப் பெயரைப் பொறிப்பது என்று வந்தபோது அங்கே இருப்பது மனைவியின் பெயர். அவர்களுடைய மணவாழ்க்கையைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. எனக்கு இந்த ஒரு சொல்தான் பெரிய சாட்சி.

1940-இல் பிரான்சு வீழ்ந்தபோது அவர் 2/33 என்ற உளவுப் படப்பிடிப்பு விமானப் பிரிவில் இருந்தார். எதிரியின் பகுதிக்கு மேலே பறந்து படமெடுத்துத் திரும்பும் வேலை, திரும்பாதவர்களே அதிகம். சரணாகதிக்குப் பிறகு படைப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, 1940 டிசம்பர் 31 அன்று கப்பலில் நியூயார்க் வந்து இறங்கினார். ரேனல் அண்ட் ஹிட்ச்காக் அதற்கு முன்பே அவருடைய பாலைவன, வான்வெளி அனுபவங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டு, அந்த நூல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதும் பெற்றிருந்தது. சில வாரங்கள் தங்குவதாக வந்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டார். ஆங்கிலம் கற்றுக்கொள்ள மறுத்தார். இரவெல்லாம் எழுதினார், நடுநிசியில் நண்பர்களை எழுப்பித் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். நாடு கடந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதைப் பார்த்து மனம் வெந்தார். தளபதி து கோலின் ஆதரவாளர்களோடு சேர மறுத்ததால் அவர்களுடைய வசையையும் வாங்கிக்கொண்டார். ‘குட்டி இளவரசன்’ இந்தக் கசப்பான காலத்தில் நியூயார்க்கிலும் லாங் தீவிலும் எழுதி, வரையப்பட்டது. 1943 ஏப்ரல் 6 அன்று அதே பதிப்பகம் அதை வெளியிட்டது.

அடுத்த சில நாட்களில் அவர் புறப்பட்டுவிட்டார். வட ஆப்பிரிக்காவுக்குப் படைகளை ஏற்றிச் செல்லும் கப்பல் வரிசையில் இடம் கிடைத்திருந்தது. கிளம்பும் முன் தோழி சில்வியா ஹாமில்டனின் வீட்டுக்குப் போய், கசங்கிய காகிதப்பை ஒன்றை அவரிடம் கொடுத்தார். உள்ளே ‘குட்டி இளவரச’னின் கையெழுத்துப் பிரதி, காப்பிக் கறையும் சிகரெட் சுட்ட தழும்புமாக. எழுதிய தாள் நியூயார்க்கில் தங்கியது. அந்த ஊரின் முகவரி பொறித்த சங்கிலி போருக்குப் போனது.

அப்போது அவருக்கு வயது 42. மீண்டும் தன் பழைய பிரிவில் சேர்ந்து அவர் ஓட்ட வேண்டியிருந்த லைட்னிங் விமானத்துக்கு அமெரிக்கர்கள் வைத்திருந்த வயது வரம்பைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இரட்டை எஞ்சின், இரட்டை வால் கொண்ட லாக்ஹீட் பி-38 லைட்னிங் போர் விமானத்தில் துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு மூக்குப் பகுதியில் கேமராக்களைப் பொருத்தினால் அது எஃப்-5. வேகமும் உயரமும்தான் அதன் ஒரே பாதுகாப்பு. பத்தாயிரம் மீட்டர் உயரத்தில், வெளியே உறைய வைக்கும் குளிரில், முகமூடி வழியே ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, ஒற்றை ஆளாக அதில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய விபத்துகளால் முறுக்கிப்போன அந்த உடம்புக்குப் பறக்கும் உடையை மாட்டிவிடவே துணை தேவைப்பட்டது. அவசரம் என்றால் குதித்துத் தப்புவது அவரால் ஆகாத காரியம். இதெல்லாம் அவருக்கும் தெரியும், உடன் இருந்தவர்களுக்கும் தெரியும்.

1943 ஆகஸ்டில் தரையிறங்கும்போது ஓடுபாதையைத் தாண்டி விமானத்தைச் சேதப்படுத்தினார். அமெரிக்கர்கள் அவரைப் பறக்க விடாமல் நிறுத்தினார்கள். எட்டு மாதம் அல்ஜியர்சில் வெந்து புழுங்கினார். கதவு கதவாகத் தட்டினார். கடைசியில் மத்தியதரைக் கடல் வட்டாரத்து நேச நாட்டு விமானப்படைத் தளபதி ஜெனரல் ஐரா ஈக்கர் இரங்கி, ஐந்து பயணங்களுக்கு மட்டும் அனுமதி தந்தார். ஐந்து முடிந்தது. அவர் நிறுத்தவில்லை; நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் மனம் வரவில்லை. சார்தினியாவிலிருந்து அவருடைய பிரிவு 1944 ஜூலையில் கோர்சிகா தீவின் பாஸ்தியா அருகேயுள்ள போர்கோவுக்கு இடம் மாறியது. தெற்குப் பிரான்சில் நேச நாட்டுப் படைகள் இறங்கப் போகின்றன என்ற ரகசியத்தை அவரிடம் சொல்லிவிட்டால், அதன்பின் விதிப்படி எதிரிப் பகுதிக்கு மேல் அவரைப் பறக்க விட முடியாது. இப்படியாவது அவரை உயிரோடு தரையில் பிடித்து வைக்கலாம் என்று நண்பர்கள் யோசித்ததாகச் சொல்கிறார்கள். அதற்குள் ஜூலை 31 வந்துவிட்டது.

அன்று காலை 8.45-க்கு 42-68223 என்ற எண்ணுடைய எஃப்-5பி விமானத்தில் ஏறினார். கிரெனோபிள், அன்னசி பகுதிகளைப் படமெடுத்துவிட்டு மதியத்துக்குள் திரும்ப வேண்டும். வானம் தெளிவாக இருந்தது. ஒரு மணி ஆயிற்று. ரேடியோவில் அழைத்துப் பார்த்தார்கள், ரேடார் நிலையங்களைக் கேட்டார்கள். இரண்டரை மணிக்குமேல் அந்த விமானத்தின் தொட்டியில் எரிபொருள் இருக்க வழியில்லை. விமானி திரும்பவில்லை, இழந்துவிட்டதாகக் கருதுகிறோம் என்று பிரிவின் அமெரிக்க அதிகாரி அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டார். பதினைந்து நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, நேசப் படைகள் தெற்குப் பிரான்சின் கரையில் இறங்கின. அந்தப் படங்கள் எதற்காகத் தேவைப்பட்டனவோ அது அவரில்லாமல் நடந்தது.

சங்கிலி அப்போது மார்செய்க்குத் தெற்கே கடலடியில் கிடந்தது.

அங்கே அது 54 ஆண்டுகள் இருந்தது. உப்புநீரில் வெள்ளி கறுத்தது. சுண்ணாம்புப் படிவு மேலே ஏறி ஏறி, கல்லா உலோகமா என்று சொல்ல முடியாத கட்டியாக அதை மூடியது. சுற்றிலும் அலுமினியத் துண்டுகள் சேற்றில் புதைந்தன. இழுவைமடிகள் அவற்றை இங்குமங்கும் இழுத்துப் போட்டன.

தரையில் அந்த ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால், சங்கிலியில் இருந்தவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. போர்கோவிலிருந்து அந்த ஜூலையில் அவர் தாய்க்கு எழுதிய கடைசிக் கடிதம், மகன் போய் ஓராண்டு கழித்தே தாயின் கைக்குக் கிடைத்தது. தாய் மரி 1972 வரை வாழ்ந்தார். மகனுக்கு ஒரு பிடி மண்ணிட அவருக்கு வாய்க்கவில்லை. ரேனல் அண்ட் ஹிட்ச்காக் 1940-களின் இறுதியிலேயே வேறொரு பெரிய பதிப்பகத்தோடு கலந்து மறைந்தது. அந்தத் தெருவும் போனது: நான்காம் அவென்யூவின் அந்தப் பகுதிக்கு 1959-இல் பார்க் அவென்யூ சவுத் என்று பெயர் மாற்றினார்கள். கான்சுவேலோ 1979-இல் கிராஸ் நகரில் இறந்தார். கணவரின் வாழ்க்கை வரலாறுகளில் அவருக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. பல நூல்களில் அடம்பிடிக்கும் வெளிநாட்டுக்காரியாக ஒரு பத்தியில் வந்து போவார். இதற்கிடையே புத்தகம் மட்டும் மொழி மொழியாகப் போய்க்கொண்டிருந்தது. பாரிஸ் பாந்தியனில் அவர் பெயரைப் பொறித்தார்கள். 1993-இல் பிரான்சின் 50 ஃபிராங்க் நோட்டில் அவர் முகமும் குட்டி இளவரசனும் வந்தார்கள்.

தேடல் நடக்காமல் இல்லை. ஆனால் எல்லோரும் கிழக்கே தேடினார்கள். அன்னசியிலிருந்து பாஸ்தியாவுக்கு நேர்கோடு போட்டால் அது ஆல்ப்ஸ் மலை வழியாக நீஸுக்கும் கிழக்கேதான் கடலைத் தொடும். அவர் சகோதரியின் குடும்பம் வாழ்ந்த அகே, வழக்கமாகப் படப்பிடிப்பு விமானங்கள் கடலைக் கடக்கும் இடங்கள் எல்லாம் அந்தப் பக்கமே. மார்செய் அந்தக் கோட்டுக்கு வெகுதூரம் மேற்கே இருக்கிறது. அங்கே அவருக்கு என்ன வேலை?

1998 செப்டம்பர் 7. ஜான்-குளோத் பியான்கோ என்ற மார்செய் மீனவர் தன் ‘ஒரிசோன்’ இழுவைப் படகில் ரியூ தீவை ஒட்டி மடி இழுத்துக்கொண்டிருந்தார். ரியூ ஆள் குடியில்லாத வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைத் தீவு; நகரத்துக்கு அருகிலேயே இருந்தாலும் கடல்பறவைகளுக்கும் மீனவர்களுக்கும் மட்டுமே பழக்கமான இடம். மடியைத் தூக்கிக் கொட்டி மீனைப் பிரிக்கும்போது, கழிசலுக்குள் கிடந்த ஒரு கட்டியில் ஏதோ மின்னுவதைப் படகில் வேலை செய்த உதவியாளர் பார்த்து பியான்கோவிடம் கொடுத்தார். அவர் தட்டித் தேய்த்தார். எழுத்துகள் தெரிந்தன. முதலில் அந்த்வான். பிறகு மிச்சமும்.

பிரான்சில் அப்போது கடைக்குப் போகிறவர் எவர் பையிலும் அந்த முகம் அச்சிட்ட நோட்டு இருந்தது. தன் கையில் இருப்பது யாருடையது என்று பியான்கோவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மார்செய் துறைமுகத்தில் ஆழ்கடல் தொழிலில் பேர்போன கோமெக்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆன்ரி-ஜெர்மேன் தெலோசிடம் அதை எடுத்துச் சென்றார். இருவரும் செய்தியை வெளியே விடாமல் தெலோசின் ஆய்வுக் கப்பலைக் கொண்டு கடலடியில் தேடினார்கள். இழுவைமடி ஒரே நாளில் மைல்கணக்கில் தரையை வாரிக்கொண்டு போகும். அதில் எந்த இடத்தில் இது ஏறியது என்று யார் சொல்வது? விமானம் அகப்படவில்லை. அக்டோபர் இறுதியில் செய்தி பத்திரிகைக்குக் கசிந்தது.

அதன்பிறகு பியான்கோ பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பொறுக்கவில்லை. அத்தனை பெரிய கடலில், இத்தனை சிறிய பொருள், அதுவும் பெயரும் முகவரியும் படிக்கும்படியாக வலையில் ஏறியது என்றால் நம்ப முடியுமா என்று கேட்டார்கள். பொய்யாகச் செய்து கொண்டுவந்தது என்றார்கள். விமானம் அங்கே இருக்கவே முடியாது என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். குடும்பத்தாரிடமும் ஐயம் இருந்தது. இறந்தவரை அவர் கிடக்கும் இடத்திலேயே நிம்மதியாக விட்டுவிடுங்கள் என்ற வேண்டுகோளும் இருந்தது. கடலில் கிடைத்ததை உடனே அறிவிக்கவில்லை என்று சட்டமும் குறுக்கே வந்தது. சங்கிலி அதிகாரிகள் கைக்குப் போனது. குடும்பத்தின் வேண்டுகோளை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வீட்டின் துக்கத்தை ஊரே தோண்டும்போது வரும் வலி அது. ஆனால் கண்டெடுத்ததை மறைக்காமல் கொண்டுவந்து கொடுத்த மீனவருக்குப் பொய்யர் பட்டம் கட்டியது பெரிய அநியாயம். கைக்குக் கிடைத்ததைத் தன் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அவரை யார் கேட்டிருப்பார்கள்?

சங்கிலியை நம்பிய சிலரில் ஒருவர் லுக் வான்ரெல், மார்செய்யின் முக்குளிப்பவர். ரியூ அருகே பல ஆண்டுகளுக்கு முன்பே சிதறிக் கிடந்த விமானப் பாகங்களை அவர் பார்த்திருந்தார். அப்போது அது போரில் விழுந்த ஏதோ ஒரு விமானம். அந்தக் கடலடியில் அப்படிப் பல கிடக்கின்றன. சங்கிலி கிடைத்தபின் அவர் மறுபடி அங்கே போனார், படமெடுத்தார், லைட்னிங்கின் பழைய வரைபடங்களோடு ஒவ்வொரு பாகமாக ஒப்பிட்டார். 2000 மே மாதம், இது லைட்னிங்தான், அதுவும் பின்னாளில் வந்த வகை என்று அறிவித்தார். ஐம்பது மீட்டருக்கும் கீழே, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் துண்டு துண்டாகக் கிடந்தது விமானம்.

லைட்னிங் என்றால் மட்டும் போதாது. அந்தக் கடலில் விழுந்த லைட்னிங்குகள் பல. அரசின் நீரடித் தொல்லியல் துறை அனுமதி தர மூன்று ஆண்டுகள் ஆயின. 2003 செப்டம்பரில் சில பாகங்களை மேலே கொண்டுவந்தார்கள். உப்புப் படிவைக் கழுவக் கழுவ, ஒரு தகட்டில் கையால் அடித்த எண் தெரிந்தது: 2734, பக்கத்தில் ‘எல்’ என்ற எழுத்து. ‘எல்’ இடப்பக்கத்தைக் குறிப்பது. 2734 என்பது லாக்ஹீட் தொழிற்சாலை தன் கணக்குக்காக இட்ட எண். விமானம் தொழிற்சாலையை விட்டுப் போகும்போது படை அதற்கு வேறோர் எண் கொடுக்கும். இரண்டையும் இணைக்கும் பதிவேடு இருந்தது. விமான வரலாற்றாளர் ஃபிலிப் கஸ்தெலானோ முதலியோர் அதைப் பார்த்தார்கள். 2734-க்கு எதிரே இருந்தது 42-68223.

கலிஃபோர்னியாவில் ஒரு தொழிலாளி, தான் பொருத்தும் தகடு எந்த விமானத்தின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மறந்துவிடாமலிருக்க அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்த நான்கு எண்கள். அறுபது ஆண்டுகள் கழித்து அவைதான் தீர்ப்புச் சொல்லின. 2004 ஏப்ரல் 7 அன்று பிரெஞ்சு அரசு அறிவித்தது. பியான்கோ சொன்னது உண்மை என்று அன்று எழுத்தில் ஆயிற்று. மீட்ட பாகங்களைப் பாரிசின் வடக்கே லெ பூர்ஜேயில் உள்ள விமான அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

உடல் கிடைக்கவில்லை. விமானம் ஏறத்தாழச் செங்குத்தாக, மிகுந்த வேகத்தில் நீரில் மோதியது என்பதைத் துண்டுகள் காட்டின. குண்டு துளைத்த அடையாளம் எதுவும் அவற்றில் இல்லை. கிடைத்ததோ முழு விமானத்தில் ஒரு சிறு பகுதி. ஆக்சிஜன் தடைப்பட்டு மயங்கினாரா, சுடப்பட்டாரா, பழுதா? 2008-இல் ஹோர்ஸ்ட் ரிப்பெர்ட் என்ற முன்னாள் ஜெர்மன் போர் விமானி, அன்று மார்செய் அருகே ஒரு லைட்னிங்கைச் சுட்டு வீழ்த்தியது தான்தான் என்றார். இளமையில் செந்த்-எக்சுபெரியின் நூல்களை விரும்பிப் படித்தவர் அவர். உள்ளே இருப்பது யாரென்று தெரிந்திருந்தால் சுட்டிருக்க மாட்டேன் என்றார். ஜெர்மன் ஆவணங்களில் அந்த நாளில் அப்படி ஒரு வெற்றி பதிவாகவில்லை. அதனால் வரலாற்றாளர் பலர் அதை ஏற்கவில்லை. எனக்கும் அது ஒட்டவில்லை. யார் சுட்டார் என்ற கேள்வியில் பத்திரிகைகள் காட்டிய ஆவேசம், அவர் எங்கே கிடக்கிறார் என்ற கேள்விக்கு முன்னால் சிறியதாகவே எனக்குப் படுகிறது. காணாமல்போன விமானியின் வீட்டார் முதலில் கேட்பது எங்கே என்பதைத்தான். மரி து செந்த்-எக்சுபெரி கேட்டதும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

சங்கிலி பிறகு குடும்பத்தாரிடம் சேர்ந்தது. 2000-இல், அதாவது கடலிலிருந்து அந்தப் பெயர் மேலே வந்து இரண்டே ஆண்டுகளில், கான்சுவேலோ எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டுப்போன நினைவுக்குறிப்புகள் பிரான்சில் புத்தகமாக வந்தன. ஒரு பத்திக்குள் அடைபட்டிருந்த பெண் தன் குரலில் பேச, வாசகர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். சங்கிலி அதற்குக் காரணமில்லை. ஆனால் ஒதுக்கி வைக்கப்பட்ட அந்தப் பெயரை முதலில் திரும்ப உச்சரிக்க வைத்தது அதுதான்.

2014 ஜனவரியில் நியூயார்க்கின் மார்கன் நூலகம் ‘குட்டி இளவரச’னின் கண்காட்சி ஒன்றைத் தொடங்கியது. சில்வியா ஹாமில்டன் பாதுகாத்த அந்தக் காகிதப்பைக் கையெழுத்துப் பிரதியை 1968-இல் வாங்கி வைத்திருப்பது அந்த நூலகம்தான். பிரான்சிலிருந்து வந்த கைச்சங்கிலியையும் அங்கே காட்சிக்கு வைத்தார்கள். 1943 ஏப்ரலில் பிரிந்த இரண்டும் எழுபது ஆண்டுகள் கழித்து ஒரே கூரையின் கீழ். பழைய நான்காம் அவென்யூ 386-ஆம் எண் 27-ஆவது தெருவை ஒட்டியது. நூலகம் இருப்பது 36-ஆவது தெருவில். நடந்தே போய்விடலாம்.

இந்தக் கதையில் இன்னொரு விமானியும் இருக்கிறார். அவரைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. ரியூ அருகே லைட்னிங்கின் துண்டுகளை வான்ரெல் பரிசோதித்தபோது, அதே இடத்தில் அந்த விமானத்துக்குப் பொருந்தாத ஓர் எஞ்சின் கிடந்தது. அது டைம்லர்-பென்ஸ், ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் எஞ்சின். செந்த்-எக்சுபெரியை வீழ்த்திய விமானமோ என்று சிலர் பரபரத்தார்கள். ஜெர்மானிய முக்குளிப்பவரும் ஆய்வாளருமான லினோ ஃபன் கார்ட்சன் அதன் எண்களைப் பின்தொடர்ந்தார். அது வேறொரு நாளில் விழுந்தது. 1943 டிசம்பரில், செந்த்-எக்சுபெரிக்கு ஏழெட்டு மாதம் முன்பே, அந்தக் கடலுக்கு மேல் மறைந்துபோன அலெக்ஸிஸ் ட்சு பென்ட்ஹைம் உண்ட் ஷ்டைன்ஃபுர்ட் என்ற இளைஞனுடையது. இருபதுகளின் தொடக்க வயது. பழைய ஜெர்மானியக் குறுநில அரச குடும்பம் ஒன்றின் வாரிசு, உண்மையாகவே இளவரசன். இந்தத் தேடலுக்காகப் பழைய விமானிகளை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் கார்ட்சனுக்கு ரிப்பெர்ட் கிடைத்தார். அதன்பின் உலகப் பத்திரிகைகள் ரிப்பெர்ட்டை எழுதின, அலெக்ஸிசை எழுதவில்லை.

எதிரணிக்காகப் பறந்தவன்தான் அவன். ஹிட்லரின் படை சீருடையில் செத்தவன்தான். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனாலும் அவனுக்கும் எங்கோ ஒரு வீட்டில் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அவனைத் தேடி எந்தக் கப்பலும் போகவில்லை, அவன் முகம் எந்த நோட்டிலும் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவரின் பெயரைப் படிக்கத் தெரிந்த மீனவர் ஒருவர், அந்தக் கட்டியைக் கடலில் திருப்பி எறியாமல் தேய்த்துப் பார்த்ததால் அவன் கிடந்த இடமும் தெரியவந்தது. ‘குட்டி இளவரச’னைப் படித்துப் போற்றும் நம் வாசகர்கள் அவனையும் சேர்த்துத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகவே அந்த நீண்ட பெயரை இங்கே முழுதாக எழுதினேன்.